ஒரே காண்டாக்டர், இரண்டு ஆம்பியர் ஏன்?

காரைக்குடிப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல். அதன் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு காண்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றில் 'ஏசி-1: 25 ஆம்பியர், ஏசி-3: 9 ஆம்பியர்' என்று போட்டிருக்கும். ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு கணக்கு?

ஏசி-1 என்பது ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. போட்டதும் எடுக்கும் மின்னோட்டம்தான் கடைசிவரை. ஏசி-3 மோட்டாருக்கு. மோட்டார் அப்படியல்ல, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நேரம் பார்த்து, மூடும் வெள்ளிக்கலவை முனைகள் லேசாகத் துள்ளும். துள்ளும் இடைவெளியில் பொறி பிறந்து முனை உருகும். உருகியது இறுகினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சிவப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

பொறியை அணைப்பதில் டிசி இன்னும் பிடிவாதம். நம் வீட்டு ஏசி விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் பொறி தானே அணைய வாய்ப்புண்டு. மின்முலாம் பூசும் தொட்டியில் ஓடுவது டிசி. அங்கே அந்தச் சுழியே கிடையாது. சோலார் பேனலிலும் இதே சிக்கல்தான். 250 வோல்ட் ஏசியில் 10 ஆம்பியர் தாங்கும் சாதாரண ரிலே, டிசியில் பெரும்பாலும் 30 வோல்ட் வரைதான் அதைத் தாங்கும்.

கடையில் ஆம்பியரோடு சுமை எது என்பதையும் சொல்லுங்கள். மோட்டாருக்கு ஏசி-3 எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.