ஹன்சார்டும் வாக்குப் பெட்டியும்: ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் அரசியல் பதிவு

ஒரு பாராளுமன்ற உறுப்பினரை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்வி தேர்தல் காலங்களில் மாத்திரமே எமது மக்கள் மத்தியில் எழுகின்றது. அப்போதும் அவர் மேடையில் பேசியவையும், அவர் பெற்ற வாக்குகளின் தொகையுமே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. சபையில் ஒவ்வொரு சட்டமூலத்தின்மீதும் அவர் எப்பக்கம் கை உயர்த்தினார் என்பது ஹன்சார்ட் ஏட்டில் உறங்கிக் கிடக்கின்றது. இவ்விரு பதிவுகளும் ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதற்கு, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் ஸ்தாபகர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அவர்களின் அரசியல் வாழ்வு தக்கதோர் உதாரணமாகும்.

முதலில் அவரது தேர்தல் வரலாற்றை நோக்குவோம். 1934 இல் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான அவர், 1936 இலும் அங்கு வெற்றி பெற்றார். 1944 இல் தமிழ்க் காங்கிரஸை ஸ்தாபித்து, சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்துச் சமபலம் கோரும் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையைச் சோல்பரி ஆணைக்குழுவின் முன் வைத்தார். அக்கோரிக்கை முஸ்லிம்களையும் மலையகத் தமிழரையும் உள்ளடக்கியிருந்த போதிலும், ரி.பி. ஜாயா போன்ற முஸ்லிம் தலைவர்கள் டி.எஸ். சேனாநாயக்கவுடன் ஒத்துழைப்பதையே தெரிவு செய்தனர். 1947 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்த பொன்னம்பலம், 1952 இலும் 1956 இலும் அத்தொகுதியைத் தக்கவைத்துக் கொண்டார். 1960 மார்ச், ஜூலை ஆகிய இரு தேர்தல்களிலும் அல்பிரட் துரையப்பாவிடம் தோல்வியுற்றார். 1965 இல் மீண்டும் வெற்றி பெற்ற அவர், 1970 இல் தமிழரசுக் கட்சியின் சி.எக்ஸ். மார்ட்டினிடம் தொகுதியை இழந்தார். 1977 பெப்ரவரியில் காலமானார்.

இனி, அவர் சபையில் அளித்த வாக்குகளுக்கு வருவோம். 'மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்' என்ற குற்றச்சாட்டு பல தசாப்தங்களாக அவர்மீது சுமத்தப்பட்டு வருகின்றது. இக்குற்றச்சாட்டில் மூன்று தனித்தனிச் சட்டங்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டுள்ளன என்பதை நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

முதலாவது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். தந்தை அல்லது பாட்டன், முப்பாட்டன் இந்நாட்டில் பிறந்தமையை நிரூபிக்குமாறு கோரிய இச்சட்டம், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்களை நாடற்றவர்களாக்கும் நிலைக்கு வழிகோலியது. 1948 ஓகஸ்டில் இது சபைக்கு வந்தபோது பொன்னம்பலம் எதிர்க்கட்சியில் அமர்ந்திருந்தார்; எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதமே அவர் டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில், கடற்றொழில் துறைகளுக்குப் பொறுப்பான அமைச்சரானார்.

இரண்டாவது, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர்களுக்கு ஏழு வருடங்கள், ஏனையோருக்குப் பத்து வருடங்கள் என வதிவிட நிபந்தனை விதித்து, அதனை ஆவணங்களால் நிரூபிக்கும் பாரத்தைத் தோட்டத் தொழிலாளியின் தலைமேல் ஏற்றியது இச்சட்டம். இது தோட்டத் தொழிலாளர்களை மாத்திரமன்றி, இங்கு வாழ்ந்த இந்திய முஸ்லிம் வர்த்தகக் குடும்பங்களையும் பாதித்தது என்பதை முஸ்லிம் வாசகர்கள் மறந்துவிடலாகாது. 1948 டிசெம்பரில் இச்சட்டமூலம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, அமைச்சர் பொன்னம்பலம் அரசாங்கத்துடன் நின்றார். அவரது கட்சியைச் சேர்ந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் எதிர்த்து வாக்களித்தனர். அந்தப் பிளவே 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியின் தோற்றத்தில் முடிந்தது.

மூன்றாவது, 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம். வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மாத்திரமே உரியதாக்கிய இச்சட்டமும் பொன்னம்பலம் அமைச்சராக இருந்த காலத்திலேயே நிறைவேறியது.

ஆகவே, முதலாவது சட்டத்துக்கு அவர் ஆதரவளித்தார் என்பது தவறு. எனினும், அத்தவறைத் திருத்துவதனால் அவர் முற்றாக விடுவிக்கப்பட்டுவிடுகின்றார் என்று எவரும் கருதுவாராயின் அதுவும் தவறேயாகும். எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்தபோது அநீதி எனக் கண்டதன் தொடர்ச்சியை, அமைச்சராக இருந்தபோது அவர் ஏற்றுக்கொண்டார். உள்ளே இருந்து ஒத்துழைத்தே உரிமைகளைப் பெறவேண்டும் என்பது அவரது தரப்பு நியாயமாக இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயன ஆலை ஆகியன அக்கொள்கையின் பயன்களென அவரது ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக் கூறுவர். அவற்றின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம் முதலாவது சட்டத்துக்கு உடன்பட்டிருந்த போதிலும், இரண்டாவது சட்டமூலத்தின் வாக்கெடுப்பின்போது சபையைவிட்டு வெளியேறி அமைச்சுப் பதவியையும் துறந்தார். அமைச்சர் ஒருவருக்கு வேறு வழியிருக்கவில்லை என்ற வாதம் இதனால் வலுவிழக்கின்றது.

இவ்வாக்குகளுக்கு வாக்காளர் வழங்கிய தீர்ப்பு யாது? 1952 தேர்தலில் யாழ்ப்பாணம் பொன்னம்பலத்தை மீண்டும் தெரிவு செய்தது. எதிர்த்து வாக்களித்த செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். தமிழ்க் காங்கிரஸ் நான்கு ஆசனங்களையும், தமிழரசுக் கட்சி இரண்டு ஆசனங்களையும் பெற்றன. தேர்தல் முடிவை மாத்திரம் நோக்கின் பொன்னம்பலத்தின் நிலைப்பாடே சரியென மக்கள் தீர்ப்பளித்ததாகத் தோன்றும். ஆனால், அச்சட்டங்களால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அத்தேர்தலில் வாக்களிக்க முடியாதிருந்தனர். 1947 இல் சௌ. தொண்டமானையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் சபைக்கு அனுப்பிய மலையகத் தமிழர், 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. ஒரு சட்டத்தின் சுமையைத் தாங்குபவர்களிடமிருந்தே வாக்குச்சீட்டைப் பறித்துவிட்ட பின்னர், வாக்குப் பெட்டி தரும் தீர்ப்பை முழுமையான தீர்ப்பாக எவ்வாறு கொள்வது? நாடற்றவர் பிரச்சினை 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினூடாக இழுபட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை நீடித்தமையை நாம் அறிவோம்.

1956 இல் நிலைமை மாறியது. 1953 இல் சேர் ஜோன் கொத்தலாவலவினால் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டிருந்த பொன்னம்பலம், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்றார். ஆனால், தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைக் கைப்பற்றிய அத்தேர்தலில் தமிழ்க் காங்கிரஸில் எஞ்சியவர் அவர் ஒருவரே.

இது பழங்கதையன்று. 1989 முதல் நாம் விகிதாசார முறையில் விருப்பு வாக்களித்து வருகின்றோம். ஒரு மாவட்டத்துக்குப் பல உறுப்பினர்கள் இருப்பதனால், எவர் எதற்குக் கை உயர்த்தினார் என்பது மேலும் மறைந்து போகின்றது. 2020 ஒக்டோபரில் நிறைவேற்று ஜனாதிபதியின் அதிகாரங்களை விரிவாக்கிய 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியபோது, முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவரது கட்சி உறுப்பினர்கள் நால்வர் ஆதரித்து வாக்களித்தனர். கட்சியின் பெயரை மாத்திரம் நினைவிற் கொள்ளும் வாக்காளனுக்கு இவ்வேறுபாடு தெரியவராது.

எனவே, வாக்குக் கேட்டு வருபவரிடம் எமது மக்கள் கேட்கவேண்டியவை மூன்றாகும். இன்ன சட்டமூலத்தின்போது நீர் சபையில் இருந்தீரா? எப்பக்கம் வாக்களித்தீர்? அச்சட்டத்தால் பாதிக்கப்படுவோர் உமது வாக்காளர் அல்லாதவிடத்தும் அவ்வாறே வாக்களித்திருப்பீரா? முதலிரு வினாக்களுக்கும் ஹன்சார்ட் விடை கூறும். மூன்றாவதைக் கேட்கும் பொறுப்பு எம்மையே சார்ந்தது. யாழ்ப்பாணம் 1952 இல் அதனைக் கேட்கத் தவறியது. அத்தவறின் விலையை மலைநாட்டின் லயன் அறைகளில் வாழ்ந்தோரே செலுத்த நேர்ந்தது.