‘உங்க பேரு சிஸ்டத்துல இல்லீங்க!’ - டேட்டாவில் ஒளிந்திருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து கோவை கிளினிக்குக்கு வருகிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கோமதி. போன வருடம் வந்தவர்தான். ஆனால் ரிசப்ஷனில், “உங்க பேரு சிஸ்டத்துல இல்லீங்க” என்கிறார்கள். புது ஃபைல் திறக்கிறார்கள். பழைய ஃபைலில் இருந்த மருந்து அலர்ஜி விவரம் அங்கேயே தங்கிவிடுகிறது.

என்னாச்சு?

கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக வரலாம். இல்லையென்றால் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வரலாம். முதல் வகையில் ‘கோமதி’க்கு 5 குறியீடுகள், அடுத்ததில் 6. திரையில் வித்தியாசமே தெரியாது. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இவர்கள் இரண்டு பேர்!

அகலமே இல்லாத எழுத்துகளும் உண்டு. காப்பி-பேஸ்ட் செய்யும்போது அவையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். 2018 பிப்ரவரியில் ஐபோன் ஆப்களை கிராஷ் ஆக்கிய தெலுங்கு எழுத்து நினைவிருக்கிறதா? அந்த எழுத்துக்கோர்வைக்குள்ளும் இப்படி ஒன்று இருந்தது. ஆப்பிள் 11.2.6 அப்டேட்டில் அதைச் சரிசெய்தது.

எப்படிச் சுத்தம் செய்வது?

* முதலில் எண்ணுங்கள்: எக்செலில் ‘லென்’ போட்டால் ‘கோமதி’க்கு 5 வர வேண்டும். கூடுதலாக வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.
* ‘ட்ரிம்’ மட்டும் போதாது: சாதாரண ஸ்பேஸைத்தான் அது நீக்கும். வெப் பக்கங்களிலிருந்து வரும் 160-ஆம் எண் ஸ்பேஸ் அப்படியே இருக்கும். ‘சப்ஸ்டிட்யூட்’ மூலம் அதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட்டு ‘ட்ரிம்’ செய்யுங்கள். அகலமில்லாத 8203-ஐ நீக்கிவிடலாம்.
* ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: போஸ்ட்கிரெஸ் 13 முதல் ‘நார்மலைஸ்’ வசதி இருக்கிறது. இரண்டு ‘கோ’வும் ஒன்றாகிவிடும்.

அவசரப்பட்டு அழிக்காதீங்க

8204, 8205 ஆகியவற்றை மொத்தமாக நீக்கக் கூடாது. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுதவும், குடும்ப எமோஜிகள் சேர்ந்து நிற்கவும் 8205 தேவை. பேக்கப் எடுத்த பிறகே கை வையுங்கள்.

இன்னொன்று, ‘கௌதம்’ என்பதை ‘ள’ போட்டு ‘கெளதம்’ என்று டைப் செய்திருந்தால் நார்மலைஸ் அதைத் தொடாது. அது வேறு எழுத்து. அதை மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

வருடம் ஒருமுறை கூட்டிப் பெருக்குவதைவிட, பெயரை டைப் செய்யும் ஃபார்மிலேயே இந்தச் சுத்தத்தை வைத்துவிட்டால் கோமதிக்கு இரண்டாவது ஃபைல் வராது.