எரிபொருட் சிக்கனக் கருவிகள்

எரிபொருள் அருகும் காலமே அதனைச் சிக்கனப்படுத்துவதாகக் கூறும் கருவிகள் பெருகும் காலமுமாகும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேனாடுகளில் நிகழ்ந்தது இதுவே. இலங்கையில் 2022ஆம் ஆண்டிற் பங்கீடு தொடங்கியபோது முச்சக்கர வண்டியொன்றுக்கு வாரத்துக்கு 5 லீற்றரே அளக்கப்பட்டது. ஒரு லீற்றரின் அருமையை அத்தகைய மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், செலவு குறையும், புகையும் தூய்மையாகும் என்னும் வாக்குறுதி அவர்களைக் கவர்தல் இயல்பே. அவ்வாக்குறுதி மெய்யோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இக்கருவிகள் பலவகையின. எரிபொருட் குழாயிற் பொருத்தும் காந்தம், காற்று புகும் வழியிற் செருகும் சுழல் தகடு, நீரைப் பகுத்து ஐதரசனை ஊட்டும் கலம், தாங்கியில் இடும் மாத்திரை என அவை விரியும். வடிவம் வேறாயினும் அவற்றின் சார்பிற் கூறப்படும் வாதம் பெரும்பாலும் ஒன்றே. எரிபொருளின் பெரும்பகுதி எரியாது வீணாகின்றது. கருவி அதனை முற்றாக எரியச் செய்கின்றது என்பதே அது.

இவ்வாதத்தின் அடிப்படையே பிழையாகும். சீராகப் பேணப்பட்ட இக்காலப் பொறியில் எரிபொருளின் 100 பங்கில் 97க்கு மேற்பட்டவை எரிந்துவிடுகின்றன. எஞ்சியது முழுவதும் எரியினும் ஆதாயம் அச்சிறு பங்கினை விஞ்சாது. உண்மையான இழப்பு வேறிடத்தது. எரிதலால் தோன்றும் வெப்பத்தின் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்த்தும் நீர் வழியாகவும் வெளியேறுகின்றது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றுதல் எப்பொறிக்கும் இயலாது என்னும் உண்மைக்கு 1824இற் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அடிகோலினார். காந்தமோ மாத்திரையோ இவ்விழப்பைத் தொடுவதில்லை.

நீரைப் பகுக்கும் கலத்தின் நிலையும் இதுவே. பகுப்பதற்கு வேண்டிய மின்னைத் தருவது வண்டியின் மின்பிறப்பாக்கி. அதனைச் சுழற்றுவதும் அதே பெற்றோலே. ஐதரசன் எரியும்போது மீளும் சத்தி, அதனைப் பிரிக்கச் செலவான சத்தியிலும் குறைந்தது. வட்டிக்குக் கடன் வாங்கிப் பழங்கடன் தீர்ப்பவன் செல்வனாதல் இல்லை.

புகை பற்றிய வாக்குறுதியும் ஆராயத்தக்கது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். எரிபொருள் குறையாமல் இது குறையாது. மிகுதியான காற்றைப் புகுத்தும் கருவிகளோ நைதரசன் ஒட்சைட்டுகளைப் பெருக்கவுங்கூடும்.

அங்ஙனமாயின், பயன்பெற்றோம் எனச் சான்று பகர்வோர் பொய்யரோ? அல்லர். பணம் கொடுத்துக் கருவி வாங்கியவர் அன்றுமுதல் வண்டியை நிதானமாகச் செலுத்துகின்றார். ரயர்களின் காற்றையும் கவனிக்கின்றார். சுமை, வீதி நெரிசல், தாங்கி நிரப்பும் அளவு ஆகியனவும் நாளுக்கு நாள் வேறுபடுவன. தம் கவனத்தால் விளைந்த நன்மையை அவர் கருவியின்மேல் ஏற்றிவிடுகின்றார்.

இம்மயக்கத்தை நீக்க வல்லது ஒழுங்கான சோதனையே. வண்டியை ஆய்வுகூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி, வகுத்த வேகங்களில் ஓட்டி, வெளிவரும் புகையிலுள்ள காபனை அளந்து, கருவியுடனும் கருவியின்றியும் ஒப்பிடுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை மதிப்பிட்டது. அவற்றுள் மிகச் சிலவே சிறிதளவேனும் பயன் தந்தன. அச்சிலவற்றுட் சில புகையின் மாசினை மிகுவித்தன.

ஆகவே, விற்பவரிடம் வினவற்பாலது, எத்துணைப் பேர் புகழ்ந்தனர் என்பதன்று. யார், எவ்வாறு அளந்தனர் என்பதே. மிதமான வேகம், ரயரில் உரிய காற்று, தேவையற்ற சுமையை இறக்குதல், நிற்கும்போது பொறியை நிறுத்துதல் ஆகியன எரிபொருளை மெய்யாகவே மீதப்படுத்துவன. இவற்றுக்கு விலையில்லை, ஆதலினாற்போலும் இவற்றை விளம்பரப்படுத்துவாரும் இலர். நாட்கூலியில் வாழும் சாரதி ஒருவரின் உழைப்பு, அளந்தறியாத வாக்குறுதிக்கு விலையாதல் தகாது.