வேலையில்லாதவர் யார்? நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு

ஆலையில் ஆட்குறைப்பு செய்தால், வெளியே வந்தவர் வேலையில்லாதவர் என்பது யாருக்கும் விளங்கும். இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்திருக்கும் விவசாயியின் நிலை அப்படியல்ல. மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்தாலும், கறவை மாட்டைப் பராமரித்து வரும்வரை அரசாங்கக் கணக்கில் அவர் வேலை உள்ளவரே.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1982-ல் வகுத்த இலக்கணப்படி வேலையில்லாதவர் என்பதற்கு மூன்று அம்சங்கள் தேவை. வேலை இருக்கக்கூடாது, கிடைத்தால் செய்யத் தயாராக இருக்க வேண்டும், வேலை தேடியிருக்கவும் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலை உள்ளவர். அலைந்து சலித்துத் தேடுவதையே விட்டவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. நூற்றுக்கு இத்தனை பேர் என்று சொல்லும் விகிதமும் மொத்த ஜனத்தொகைக்கு அல்ல. வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த தொகைக்கே.

அமெரிக்காவில் மாதந்தோறும் சுமார் 60,000 குடும்பங்களில் விசாரிக்கிறார்கள். அங்கே குடும்பப் பண்ணையில் கூலியின்றி உழைக்கும் மகன், வாரத்தில் 15 மணி நேரமாவது உழைத்தால்தான் வேலை உள்ளவன். பத்து மணி நேரம் மட்டும் உழைத்துவிட்டு வெளியே வேலை தேடினால் வேலையில்லாதவன். நம் நாட்டிலோ அந்தப் பத்து மணி நேரமே அவனை வேலை உள்ளவனாக்கிவிடும். ஜெர்மனியில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துள்ளவர், வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்தாலும் வேலையில்லாதவர் பட்டியலிலேயே இருக்கலாம். ஆகவே இரு நாட்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, மரக்காலையும் படியையும் ஒன்றாக எண்ணுவது போலத்தான்.

விவசாய நாட்டுக்கு ஒரே எண் போதாது என்று 1970-ல் தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு கூறியது. அதையொட்டி 1972-73 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு முதல் ஆண்டு, வாரம், நாள் என மூன்று அளவுகோல்கள் வந்தன. ஆண்டுக் கணக்கில், துணை வேலையாக 30 நாள் உழைத்திருந்தாலும் வேலை உள்ளவரே. வாரக் கணக்கில் ஒரு மணி நேரம் போதும். நாள் கணக்குத்தான் விவசாயியின் நிலைமையை ஓரளவு சரியாகக் காட்டுவது. நாலு மணி நேரமும் அதற்கு மேலும் முழு நாள். அதற்குக் குறைந்தால் அரை நாள். ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் களையெடுத்து, மூன்று நாள் கூலி வேலை கேட்டுக் கிடைக்காமல் திரும்பி, இரண்டு நாள் வீட்டில் இருந்தார் என்று கொள்வோம். வாரக் கணக்கில் அவர் வேலை உள்ளவர். நாள் கணக்கிலோ அந்த மூன்று நாளும் வேலையின்மையாகப் பதிவாகும்.

2013-ல் சர்வதேச இலக்கணம் மாறியது. பெரும்பாலும் சொந்தச் சாப்பாட்டுக்கே பயிரிடுபவரை வேலை உள்ளவராகக் கொள்ளக்கூடாது என்பது புது விதி. இந்தியக் கணக்கெடுப்பு வீட்டுக்காகப் பயிரிடுவதையும் வேலையாகவே எடுத்துக்கொள்கிறது.

2017 முதல் நடந்துவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின் முடிவுகள் 2025 முதல் மாதந்தோறும் வெளியாகின்றன. வாரத்தின் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள், கூடுதலாக எத்தனை மணி நேரம் உழைக்கத் தயார் என்றும் இதில் கேட்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால், "விவசாயம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், வேலை கிடைக்காத நாள்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.