போஸ்டர் ஒண்ணு... சிலிப் பத்து! வீட்டுத் தொழிலுக்கு ஒரு பழைய சினிமா யோசனை

பள்ளத்தூர் என்றதும் சினிமா ரசிகர்களுக்கு ஆச்சி மனோரமாதான் ஞாபகத்துக்கு வருவார். அந்த ஊரில் வளர்ந்து, நாடக மேடையில் 'பள்ளத்தூர் பாப்பா'வாகப் பெயர் வாங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். அவர் படங்கள் ஓடிய காலத்து சினிமா போஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பெரிய வண்ண போஸ்டர் எல்லா ஊருக்கும் ஒன்றேதான். அதன் மேல் ஒட்டும் சின்ன சிலிப் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். தியேட்டர் பெயர், 'இன்று முதல்', 'வெற்றிகரமான 25-வது நாள்', 'இன்றே கடைசி'. செலவு பிடிக்கிற போஸ்டரை ஒருமுறை அடித்துவிட்டு, மாறுகிற செய்தியை மலிவான துண்டுக் காகிதத்தில் போட்டுவிடுவார்கள்.

கையில் ஸ்மார்ட்போனை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கு இன்றைக்கும் உதவக்கூடிய யோசனை இது.

பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஒரு ஆச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம். கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் வரும். சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் போகும். ஒரு கிலோவுக்குக் கையில் 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 3,000 ரூபாய் கட்டி விளம்பரம் கொடுத்தால், அந்தப் பணத்தை எடுக்கவே 50 கிலோ சுட வேண்டும். ஐம்பது கிலோ என்பது அடுப்படியில் எத்தனை மணி நேரம் என்பது, மாவு பிசைந்து கை வலித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பணத்தைவிடப் பெரிய பிரச்னை நேரம். 'தினமும் புதுசா ஒரு வீடியோ போடணும்' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவரால் அது நடக்கிற காரியமா? ஒரு வாரம் போடுவார், அப்புறம் விட்டுவிடுவார். அதற்குப் பதில், வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் நன்றாகப் படம் பிடித்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு நாள் காலையில் மணகோலம் செய்வதை மட்டும் முழுசாக எடுக்கிறார் என்று வையுங்கள். அச்சிலிருந்து மாவு எண்ணெயில் இறங்குவது, பொரிந்ததை ஒடிப்பது, பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்வது, வெல்லப் பாகு ஊற்றிக் கிளறுவது. போனை நேராக நிறுத்தி எடுத்த ஐந்து நிமிட வீடியோ போதும். அதில் பாகு ஊற்றும் பத்து நொடி ஒரு ஸ்டேட்டஸ். அச்சுப் பிழிவது இன்னொன்று. முழுசும் யூடியூபுக்கு. நடுவில் நிறுத்தி எடுத்த ஒரு படம் கேட்டலாக்குக்கு. அதே படம், பார்சல் பெட்டிக்குள் வைக்கும் சின்ன அட்டைக்கும் போகும். ஒரே காலை வேலைதான்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீடியோவில் விலையைச் சொல்லக் கூடாது. 'தீபாவளி ஸ்பெஷல்' என்றும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அந்த வீடியோவின் ஆயுள் அத்தோடு முடிந்தது. விலை, தேதி, பண்டிகைப் பெயர் எல்லாம் சிலிப். அவற்றைப் பிறகு எழுத்தாக மேலே ஒட்டிக்கொள்ளலாம். அதற்காகப் படத்தின் மேலேயோ கீழேயோ கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுக்க வேண்டும். தட்டு நிறைய முறுக்கை நிரப்பி ஓரம்வரை படம் பிடித்துவிட்டு, எங்கே எழுதுவது என்று திண்டாடுபவர்கள்தான் அதிகம்.

'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. இலவசமான அந்தச் செயலியின் கேட்டலாக்கில் படம் தனி, விலை தனி. வெல்லம் விலை ஏறினால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களையும் அதிலேயே சேமித்து வைக்கலாம். 'ஆச்சி, இது எத்தனை நாள் கெடாம இருக்கும்?', 'என்ன எண்ணெயில போடுறீங்க?', 'சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போகலாமா?' எல்லா வீட்டுக்கும் இதே கேள்விகள்தான். ஒருமுறை நிதானமாக எழுதிய பதிலை, ஒரு சாய்கோடும் குறுஞ்சொல்லும் தட்டி அனுப்பிவிடலாம். அதே பதில்தான் பெட்டிக்குள் போகும் அட்டையின் பின்பக்கம். அதே பதிலைப் பேசி எடுத்தால் இன்னொரு வீடியோ. உண்மையில், வாடிக்கையாளர் கேட்ட கேள்வியைவிட நல்ல விளம்பர வாசகத்தை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

'திரும்பத் திரும்ப அதையே போட்டால் சலித்துவிடாதா?'

சலிக்கும். ஆனால் முதலில் சலிப்பது போடுகிறவருக்குத்தான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. அன்றைக்குப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் பார்த்தவருக்குப் பாதி ஞாபகம்தான் இருக்கும். 1966-ல் பிறந்த அமுல் பாப்பாவைப் பாருங்கள். புள்ளி போட்ட கவுன், நீலத் தலைமுடி என்று இத்தனை வருஷமாக அதே பாப்பாதான். மாறுவது அன்றைய செய்தியும் அதை ஒட்டிய வரியும் மட்டும்.

நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் இது புதிதில்லை. சிவகாசியில் அச்சாகும் காலண்டரில் அதே முருகன் படம் நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் போகும். கீழே அடிக்கும் கடைப் பெயர்தான் வேறு. மஞ்சப்பை இன்னும் ஒரு படி மேல். கல்யாண வீட்டில் கொடுத்த பை வருஷக்கணக்காகச் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய் வரும், அதில் அச்சடித்த பெயரைச் சுமந்துகொண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது பிளாஸ்டிக்கைக் குறைக்க. பலகாரம் விற்பவருக்கு அதில் விளம்பர லாபமும் உண்டு. பையில் பெயரும் போன் நம்பரும் போதும். இங்கேயும் விலை வேண்டாம்.

எதையெல்லாம் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். கடலை எண்ணெயில் செய்வதாகச் சொன்ன வீடியோவை, எண்ணெயை மாற்றிய பிறகும் ஓட்டினால் அது பொய். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டையும் அவர் வீட்டு விசேஷப் படத்தையும் கேட்காமல் போடக் கூடாது. ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். அடுத்தவர் வீடியோவை இறக்கித் தன் பெயரைப் போடுவது திருட்டு. பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்தால் காப்புரிமைப் பிரச்னையில் சத்தமே இல்லாமல் போகலாம். எண்ணெய் பொரியும் சத்தத்தைவிட நல்ல பாட்டு பலகாரத்துக்கு எதற்கு? கானாடுகாத்தான் அரண்மனைப் படத்தைப் போட்டு முறுக்கு விற்பதும் வேண்டாமே. அரண்மனை அழகுதான், முறுக்கு எங்கே?

இன்னொரு சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தையே மறுபடி எடுத்து அனுப்பினால், ஒவ்வொரு முறையும் தரம் குறைந்துகொண்டே போகும். அசலைத் தனியாக கூகுள் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேரன், பேத்திகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பலகாரத்துக்கு ஒன்றாகப் பெயர் போட்டு ஃபோல்டர் வைத்துவிட்டால், அடுத்த வருஷம் தேட வேண்டியதில்லை.

வருஷம் முழுக்கச் சிலிப்புக்குப் பஞ்சமில்லாத பகுதி செட்டிநாடு. ஐப்பசியில் தீபாவளி, திருக்கார்த்திகைக்குப் பிறகு 21 நாள் கழித்து நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு, தை பிறந்தால் பொங்கலும் கல்யாணங்களும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் திரும்பும்போது கட்டிக்கொண்டு போகும் பெட்டிகள். மணகோலம் வீடியோ அதேதான். மேலே ஒட்டும் வரி மட்டும் மாறும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டர் குறையும். காலை வெயில் முற்றத்தில் இறங்குகிற நேரத்தில் அடுத்த பலகாரத்தைப் படம் பிடிக்க அதுதான் தோதான மாதம்.