சிம்பொனி இசைக்குழுவில் மாற்றுக் கலைஞர்: டியூபாவை முன்வைத்து

நோணாங்குப்பம் வழியாகக் கடலூர் செல்லும் சாலையில் மணமகன் ஊர்வலம் போகும்போது பேண்டு வாத்தியக் குழுவைக் கண்டிருப்போம். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாட்டை எடுத்துச் செல்லும். பின்வரிசையில் அகன்ற வாயுடைய பெரிய பித்தளைக் குழலை அணைத்தபடி ஒருவர் நடந்து வருவார். அவர் ஊதுவதைத் தனியே கேட்பார் எவருமிலர். ஆயினும் அவர் வராத நாளில், எவ்வளவு முழங்கினாலும் ஏதோ குறைகிறது என்பதைச் சாலையோரம் நிற்பவரும் உணர்வர்.

மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழுவில் இந்த இடத்தை வகிக்கும் கருவி டியூபா. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறிய பின்னர், அத்தகைய குழுக்கள் இயங்கும் முறையை அறியும் ஆர்வம் நம்மிடையே மிகுந்துள்ளது. அவ்வியக்கத்தில் பலரும் காணாத ஒரு மூலையை இங்கே எடுத்துக்கொள்வோம்: டியூபாக் கலைஞர் வர இயலாத நாளில் அவர் நாற்காலியில் அமர்பவர் யார்? அவர் செய்யவேண்டியது என்ன?

டியூபா வயதில் இளைய கருவி. வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் பெர்லினில் 1835ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றனர். பேத்தோவன் 1827இலேயே மறைந்துவிட்டமையால் அவருடைய சிம்பொனிகளில் டியூபா இல்லை. பெரிய குழுவொன்றில் முதல் வயலின் வாசிப்போர் மட்டுமே பதினாறு பேர் வரை இருப்பர். டியூபாவோ பெரும்பாலும் ஒன்றே ஒன்று. வயலின்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஏனையோர் அக்குறையை மூடிவிடுவர். டியூபாக்காரர் படுத்தால் இசையின் அடித்தளமே காலி. ஆகவே அன்று மாலைக்குள் ஒருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

வருகின்றவருக்கு ஒத்திகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மூன்று டிராம்போன்களுக்கு அருகில் அமர்ந்து, அவர்கள் மூச்செடுக்கும் கணத்தில் தாமும் மூச்செடுத்து, அவர்களது சுருதியின் நிறத்தில் தம் சுருதியைக் கரைக்க வேண்டும். நீண்ட குழலாதலால் ஒலி சற்றே தாமதித்துப் புறப்படுவதுபோல் தோன்றும். நடத்துநரின் கோல் அசைவுக்கு ஒரு நூலிழை முன்னதாகவே மூச்சு கிளம்ப வேண்டும். பல ஆண்டுகள் ஒன்றாக வாசித்தவர்களுக்குப் பழக்கத்தால் அமைவதை இவர் ஒரே மாலையில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக் குழலும் உண்டு. பதினெட்டு அடிக் குழலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலம் சிறிய டியூபாவையே கையாண்டனர். முசோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பை ராவெல் 1922இல் முழு இசைக்குழுவுக்கு அமைத்தபோது, மாட்டுவண்டியைச் சித்திரிக்கும் பகுதியை அந்தச் சிறிய டியூபாவை மனத்திற்கொண்டே உச்சத்தில் எழுதினார். இன்றைய பெரிய டியூபாவில் அதை ஊதுவது கடுஞ்சோதனை. அப்பகுதிக்கு மட்டும் யூஃபோனியத்தைப் பயன்படுத்துவோரும் உளர். இதற்கு மறுகோடி, 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய துவோர்ழாக்கின் ‘புதிய உலகம்’. அதில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் சில சுரங்களே உள்ளன. மற்ற நேரமெல்லாம் கைகட்டி அமர்ந்திருக்க வேண்டும். எது கடினம் என்று கேட்டால், பின்னதே என்பேன். நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, குளிர்ந்துபோன குழலில் மெல்லொலியைப் பிழையின்றி எழுப்புவது எளிதன்று.

மாற்றுக் கலைஞர் என்னும் ஏற்பாடு ஒரு காலத்தில் பெரும் பூசலை எழுப்பியது. இலண்டன் குயின்ஸ் ஹால் குழுவில், வேறிடத்தில் கூடுதல் ஊதியம் கிடைத்தால் கலைஞர்கள் தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பிவிடுவது வழக்கம். ஒத்திகையில் ஒருவர், மறு ஒத்திகையில் மற்றொருவர், மேடையில் மூன்றாமவர் என்றால் நடத்துநர் யாருக்குக் கற்பிப்பது? 1904இல் ஹென்றி உட் இதற்குத் தடை விதித்தார். ஏறத்தாழ நாற்பது கலைஞர்கள் வெளியேறி, தாங்களே உரிமையாளராக இலண்டன் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினர்; அதன் முதல் நிகழ்ச்சி அவ்வாண்டு ஜூன் 9இல் நடைபெற்றது. உட் கேட்டது கலைக்கு நியாயம். வெளியேறியோர் கேட்டது வயிற்றுக்கு நியாயம். அவ்விசைக்குழுவின் பொன்விழாவுக்காகவே வான் வில்லியம்ஸ் 1954இல் தமது டியூபாக் கச்சேரிப் படைப்பை இயற்றினார் என்பது சுவையான செய்தி. பின்வரிசைக் கருவி அன்று முன்வரிசைக்கு வந்தது.

வசதிக்காக ஆள் அனுப்புவது வேறு. இன்றியமையாமையால் ஒருவர் முன்வந்து நிற்பது வேறு. இசையையும் தொழுகையையும் ஒப்பிடுவது என் கருத்தன்று. ஆயினும் இவ்வேறுபாட்டை எண்ணும்போது நம் வரலாற்று நிகழ்வொன்று நினைவுக்கு வருகிறது. பஜ்ருத் தொழுகையில் கலீஃபா உமர் (ரலி) குத்துண்டபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பற்றி முன்னிறுத்தினார்கள். தொழுகை சுருக்கமாக நிறைவேறியது. பள்ளியின் ஓரங்களில் நின்றோர், உமரின் குரல் நின்றதை உணர்ந்தார்களேயன்றி நடந்ததை அறியவில்லை.

இன்று தொழில்முறைக் குழுக்கள் மாற்றுக் கலைஞர் பட்டியலொன்றை வைத்துள்ளன. நிலையான கலைஞரின் பரிந்துரையாலோ, தேர்வில் இறுதிச் சுற்றுவரை வந்து இடம் தவறியமையாலோ ஒருவர் அதில் சேர்கிறார். ஓரிடத்திற்காகப் பலர் போட்டியிடும் கருவியாதலால், ஆண்டுக்கணக்கில் பட்டியலிலேயே வாழ்வோர் உண்டு. அவர்களுக்கு மாத ஊதியமில்லை. அழைத்த ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் மட்டுமே கூலி. தொலைபேசி ஒலிக்காத மாதத்தில் மாணவர்க்குக் கற்பித்தே காலந்தள்ள வேண்டும். ஒலித்தாலோ அன்று பிழை செய்யக்கூடாது. ஒரு பிழை, பெயரைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடும்.

நடத்துநர்க்குப் பதிலாக வருவோரின் நிலை வேறு. மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதிலாக மேடையேறினார். மறு ஆண்டே அக்குழுவின் இசை இயக்குநரானார். டியூபாவுக்குப் பதிலாக வந்தவரை மறுநாள் விமரிசகர் குறிப்பிடவில்லையெனில் அதுவே அவருக்குப் பாராட்டு.

நம் நாட்டில் இக்கருவி பெரும்பாலும் இராணுவ, காவல்துறை பேண்டுகளிலேயே வாழ்கிறது. மும்பையில் 2006இல் தோன்றிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்குப் பருவந்தோறும் வெளிநாட்டுக் கலைஞர் பலர் வந்து வாசிக்கின்றனர். அங்கே டியூபாக்காரர் நோயுற்றால், இலண்டனில் போல அடுத்த தெருவிலிருந்து ஒருவரை அழைத்துவர இயலாது.