விட்டுத் தைத்த காலம்

"வளர்ற புள்ள பாய், விட்டுத் தைங்க." தீபாவளியோ ரம்ஜானோ, மங்கலம்பேட்டைத் தையல் கடையில் பிள்ளைக்கு அளவு கொடுத்த கையோடு அம்மாக்கள் சொன்ன வாக்கியம் இது.

அன்று டவுசரின் உள்தையலில் இரண்டு விரல் துணி மடங்கிக் கிடக்கும். பாவாடையில் மூன்று டக் இருக்கும். பெண் வளர வளர வருஷத்துக்கு ஒரு டக் பிரியும். பிரித்த இடத்தில் சாயம் வெளுக்காத கோடு, அவள் வளர்ந்த கணக்கை ஊருக்கே சொல்லும். டவுசரின் பின்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்தால் 'போஸ்ட் பாக்ஸ்' என்று வகுப்பே சிரிக்கும். மறுநாள் அங்கே ஒட்டுத்துணியும், மிஷினில் வட்டம் வட்டமாக ஓட்டிய தையலும் வந்துவிடும். புடவை நைந்தால் தூளி, தூளி நைந்தால் கரித்துணி.

ஜப்பானிலும் இதே கதைதான். பருத்தி விளையாத வடக்கு ஆமோரிப் பகுதியின் குளிரில், அவுரி நீலக் கந்தல்களை அடுக்கி, 'சஷிகோ' என்ற இழையோட்டத்தால் தைத்துத் தலைமுறைகளாக உடுத்தினார்கள். அந்தக் கந்தலுக்குப் பெயர் 'போரோ'. குழந்தையின் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் மடிப்புப் பிடித்து, வளர வளரப் பிரித்துவிட்டார்கள். நம் பாவாடை டக்கேதான்.

இன்று பக்கத்து விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினால் ரெடிமேட் குவிந்து கிடக்கிறது. 1983இல் தமிழக அரசின் இலவச வேட்டி சேலை வந்தது. 2012-13 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை. போஸ்ட் பாக்ஸ் கேலிக்கு அழுதவர் யாரும் பழைய காலத்துக்கு ஏங்க மாட்டார்.

போரோவும் அன்று வறுமையின் அடையாளம்தான். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் தனாகா சூசாபுரோ தேடிச் சேர்த்த கந்தல்களை, 2009இல் டோக்கியோவில் திறந்த அமியூஸ் அருங்காட்சியகம் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. சஷிகோ இன்று உலகெங்கும் பொழுதுபோக்கு. நம் கடைகளிலோ ஜீன்ஸ் கிழிந்தே விற்பனைக்கு வருகிறது. புதிது வாங்க முடிந்தவர் போட்டால் கிழிசலும் அழகு.

தையல்காரர் இன்றும் இருக்கிறார். அன்று பிரித்துப் பெரிதாக்கியவர், இன்று ரெடிமேட் சட்டையைப் பிடித்துச் சிறிதாக்குகிறார். சட்டையைப் புரட்டினால் ஓவர்லாக் அடித்த கால் அங்குலத் துணிதான் உள்ளே இருக்கிறது. அடுத்த வருஷத்தை மனதில் வைத்து வெட்டிய துணி அல்ல அது. "விட்டுத் தைங்க" என்று இனி யாராவது சொன்னாலும், விடுவதற்குத் துணி இல்லை.